பட்டினி கிடந்த டிராகன்

பிள்ளைகளா, போன வாரம் கூடத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு நீங்கள் பேசியதெல்லாம் அடுப்படி வரைக்கும் கேட்டது. பெரியவன் ஒரு பொம்மை வாங்கியிருக்கிறான். செத்துப்போன டிராகனாம். எலும்புக்கூடு, ஆனாலும் பறக்குமாம். அதைத்தான் தன் கதையில் வில்லனாக வைக்கப் போகிறானாம். அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது என்று சின்னவள் சொன்னதும் காதில் விழுந்தது.

அப்பாவுக்குப் புரியும். நீங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே, ஈப்போவில், இதே புந்தோங் வீட்டில், இதே மாதிரி ஒரு செத்த டிராகனோடு நான் ஒரு வருஷத்துக்கு மேல் மாரடித்திருக்கிறேன். அதைப்போலக் கையாலாகாத ஒரு வில்லனை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாலு மனிதர் உட்காருகிற இடத்தில் அதைக் கொண்டுவந்து வைப்பதற்கு முன்னால் பெரியவன் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

அந்த விளையாட்டை எங்களுக்குக் கொண்டுவந்தவன் ஒரு கிராணி மகன். சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் அவனுடைய அப்பாதான் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். விடியற்காலையில் அன்றைய வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று பேர் வாசிப்பவர். பேர் வாசிக்கும்போது உடம்பு சரியில்லாதவனும் நிமிர்ந்து நிற்கவேண்டும், அப்படி ஒரு குரல். மகனை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார். மகன் படிப்பை முடிக்கவில்லை. ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் தாயக்கட்டையும் ஈயப் பொம்மையுமாகத் திரும்பிவந்தான். கப்பலேறிப் போனவர்கள் என்னென்னவோ கொண்டுவந்து பார்த்திருக்கிறேன். செத்த பிராணியைக் கொண்டுவந்தவன் அவன் ஒருவன்தான்.

நான் அப்போது டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் இரும்புக்கடையில் வேலை. அந்தப் பொம்மைக்கு அடிக்கச் சின்ன டப்பாவில் வெள்ளைப் பெயிண்ட் கேட்டு வந்தவன், என்னை அடையாளம் கண்டுகொண்டான். அவனோடு படித்த கூட்டாளிகள் எல்லாம் கோலாலம்பூர் போய்விட்டார்களாம். விளையாட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருப்பீர்கள், வாருங்கள் அண்ணே என்றான். அவன் வீட்டில் வைத்து விளையாட முடியாது. எலும்புப் பொம்மையெல்லாம் வாசற்படி தாண்டக் கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். ஆகவே நம் வீட்டுக் கூடம். தன் வீட்டுக்கு ஆகாத பிராணி நம் வீட்டுக்கு ஆகும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். நானும் தலையாட்டினேன். எஸ்டேட்டில் கிராணி வீட்டுப் பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை.

விளையாட்டு உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் படித்தால் புரியவேண்டுமே என்று சொல்கிறேன். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஆளாக அந்தக் கதைக்குள் போவார்கள். ஒருத்தன் வாள் வீரன், ஒருத்தன் மந்திரவாதி, இப்படி. நீ என்ன செய்கிறாய் என்று கதைக்காரன் கேட்பான். நாம் சொல்லுவோம். அது பலித்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்பது. அந்தத் தாயக்கட்டைக்கு இருபது முகம். கதைக்காரன்தான் காடு, மலை, மழை, எதிரி எல்லாம். அந்த இடத்துக்குக் கடவுள் மாதிரி. கிராணி மகனுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

ஆட்கள் மூன்று பேர். நான். பக்கத்தில் முஸ்லிம்கள் நடத்துகிற தேத்தண்ணிக் கடையில், மாமாக் கடை என்போமே, அங்கே தே கலக்குகிற ஒரு தம்பி. மூன்றாவது, உங்கள் மாமா.

மாமாவைப் பற்றி இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அந்த வருஷம் ஈய விலை விழுந்து ஈயம் தோண்டுகிற லம்பங்களை எல்லாம் வரிசையாக மூடினார்கள். மாமா வேலை செய்த லம்பமும் மூடியது. அதற்குப் பிறகு அவருக்குக் காலையும் சம்சுச் சாராயம்தான், மாலையும் அதுதான். உங்கள் அம்மா தன் தம்பியைக் கூட்டிவந்து நம் வீட்டில் வைத்துக்கொண்டாள். கெஞ்சினாள், திட்டினாள், கோயிலில் கயிறு கட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆள் குறைகிறதென்று கிராணி மகன் அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்தான். அன்றிலிருந்து மாமா சனிக்கிழமை குடிப்பதை விட்டார். குடித்தால் மறுநாள் தாயக்கட்டைக் கணக்கு வராதாம். பிறகு வெள்ளிக்கிழமையும் விட்டார். அப்படியே ஒவ்வொரு நாளாக வாரம் முழுக்க விட்டுப்போனது. உங்கள் அம்மா எங்கள் பக்கம் முகத்தைச் சுளிப்பாள், தே மட்டும் கதவோரம் வைத்துவிட்டுப் போவாள், மேசையில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்ததில்லை. "கழுதை விளையாட்டோ குதிரை விளையாட்டோ, அவன் அதுல உக்காந்திருக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள்.

இனி அந்த டிராகன். உள்ளங்கை அளவு ஈயம். கிராணி மகன் தானே பெயிண்ட் அடித்ததால் எலும்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த கக்கூஸ் சுவர் மாதிரி இருக்கும். கண்ணில் பச்சை. ஒரு சிறகு ஒடிந்து, பசை போட்டு ஒட்டியது, கோணலாக நிற்கும். அதை ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி மேசையில் வைப்பான். வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான், பயந்தோமா என்று. முதல் நாள் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஈயத்தாலதான் என் பொழப்பு போச்சு, இங்கயும் ஈயமா என்றார்.

அந்த டிராகன் செத்து ஆயிரம் வருஷம் ஆகிறதாம். ஒரு மந்திரவாதி எழுப்பிவிட்டானாம். வாளால் வெட்டினால் ரத்தம் இல்லை. தீ வைத்தால் தோல் இல்லை. விஷம் வைத்தால் வயிறு இல்லை. சரி, ரொம்பப் பலசாலி என்று வைத்துக்கொள்வோம். அது என்ன செய்யும்? பறந்து வரும். ஒரு கிராமத்தை எரிக்கும். ஒரு பேச்சு பேசும். நாங்கள் தாயக்கட்டையைக் கையில் எடுப்பதற்குள் பறந்துபோய்விடும். அடுத்த ஞாயிறு வேறு கிராமம், அதே பேச்சு. அந்தப் பேச்சைக் கிராணி மகன் குரலைத் தாழ்த்தி, நெஞ்சிலிருந்து இழுத்துப் பேசுவான். எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு ஒரு நாள் புரிந்தது. அது அவன் அப்பா பெரட்டில் பேர் வாசிக்கிற குரல். லண்டன் போய்ப் புத்தகம் படித்து, ஆயிரம் வருஷத்துப் பூதத்தை எழுப்பி, கடைசியில் அதன் வாயில் அப்பாவின் குரலைத்தான் அவனால் வைக்க முடிந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. கதைக்குள் மாமா ஒரு கழுதை வாங்கினார். வாள், மந்திரம் எதுவும் இல்லாத ஒரு திருடன்தான் மாமாவின் ஆள், இடுப்பில் பால்வெட்டுக் கத்தி. அவனுக்கு ஒரு கழுதை ஆசை. சந்தையில் பேரம் பேசி வாங்கி, அதற்கு அடையாளமாக மேசையில் ஒரு கடலையை வைத்தார். தோலோடு இருக்கிற புந்தோங் கடலை, இரண்டு பருப்பு, பார்க்கவும் கழுதை முதுகு மாதிரி நடுவில் குழி. கிராணி மகன் அதை விரலால் தட்டித் தள்ளிவிட்டான். இது என்ன கடலைக் கடையா என்று கேட்டான். மேசையில் முறையான உருவம் எது இருக்கிறதோ அதுதான் ஆட்டத்தில் உண்டு, உருவம் இல்லாதது ஆட்டத்தில் இல்லை என்று சட்டம் சொன்னான். அவனிடம் டிராகன் பொம்மை இருக்கிறது, எங்களிடம் கழுதைப் பொம்மை இல்லை. கழுதை போய்விட்டது. மாமா அந்தக் கடலையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிறு, டிராகன் வழக்கம்போல வந்து பேச்சை ஆரம்பித்தபோது மாமா கையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு சந்தேகம். இதுக்கு என்னதான் வேணும்?"

"வேணும்னா?"

"இல்ல, எஸ்டேட்ல தொரைக்கு ரப்பர் பால் வேணும். கங்காணிக்குக் கோழி வேணும். தவுக்கேக்கு நான் சீக்கிரம் வரணும், லேட்டா போகணும். இதுக்கு?"

கிராணி மகன் யோசித்தான். "அழிவு" என்றான்.

"அழிவ வெச்சி என்ன பண்ணும்? வயிறே இல்லங்கிறீங்க."

மாமாக் கடைத் தம்பிக்குத் தே புரையேறிவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். கிராணி மகனுக்குக் காது சிவந்தது. அவன் புத்தகத்தை மூடினான். அடுத்த ஞாயிறு டிராகன் மலையிலிருந்து இறங்கும், முதலில் திருடனைத்தான் தூக்கும் என்றான். ஆள் செத்தால் ஆட்டக்காரன் எழுந்து போகவேண்டும், புது ஆள் கிடையாது என்று அதற்கும் ஒரு சட்டம் போட்டான். மாமாவின் கேள்விக்குப் பதில் இல்லாததற்கு மாமாவையே மேசையிலிருந்து எடுத்துவிடுகிற வழி. பெரட்டிலும் அதைத்தான் செய்வார்கள், கேள்வி கேட்டவனுக்கு மறுநாள் பேர் வாசிக்க மாட்டார்கள். டின்னை நம் வீட்டு மூலையில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் மாமா சரியாகப் பேசவில்லை. திங்கள் இரண்டு வார்த்தை, செவ்வாய் ஒரு வார்த்தை. ஞாயிறு இல்லையென்றால் சனிக்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் வாசலுக்கு வெளியே, வலது பக்கம், ஒரு செங்கல். செங்கல் மேல் டிராகன். மண்டையில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு. கோணல் சிறகில் ஓர் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. முன்னால் வாழையிலையில் சோறு, அவித்த முட்டை, வறுத்த கருவாடு. பக்கத்தில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. கற்பூரம் அணைந்து கறுப்பு மட்டும் மிச்சம்.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான். எங்கள் எஸ்டேட் எல்லையில், மரத்தடியில், எங்கள் குடும்பம் படையல் வைக்கிற காவல் சாமி இருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டபோது மரத்தோடு அதுவும் போயிற்று. உங்கள் தாத்தா இந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வந்தவர் போனவரிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சாமியைப் பட்டினி போட்டுவிட்டு வந்துவிட்டோம், என்றைக்காவது அதுவாகவே நம்மைத் தேடிக்கொண்டு வரும் என்று. அந்த வெள்ளிக்கிழமை உங்கள் அம்மா வீட்டைக் கழுவிவிட மூலையிலிருந்த டின்னை நகர்த்தினாள். மூடி கழன்றது. உள்ளே பல்லைக் காட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமாக, தோலும் இல்லாமல், ஒன்று பஞ்சில் படுத்திருந்தது. அவளுக்கு வேறு என்ன தோன்றும்? மாமனார் சொன்ன சாமி வந்துவிட்டது, இத்தனை வருஷம் சோறில்லாமல் இப்படி இளைத்துக் கிடக்கிறது. நான்தான் எங்கிருந்தோ கொண்டுவந்து, சொல்லக் கூச்சப்பட்டு மூலையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். காவல் சாமியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வாசலுக்கு வெளியேதான் நிறுத்தவேண்டும். நிறுத்தினாள்.

"சாராயம் மட்டும் வெக்கல" என்றாள். "வீட்ல ஒருத்தன் இருக்கானே. சாமி கோவிச்சுக்காதுன்னு சொல்லிட்டேன்."

அது கிராணி மகனுடைய விளையாட்டுச் சாமான் என்று சொன்னேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி வந்தால் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். ஒரு வருஷம் மூன்று ஆண்பிள்ளைகளை மேசையில் பயமுறுத்திப் பார்த்து முடியாத அந்தப் பொம்மை, ஒரு பெண்பிள்ளையிடம் ஒரு நாளில் சோறு வாங்கித் தின்றிருக்கிறது. அதுவும் பயத்தில் இல்லை, பரிதாபத்தில்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் மாமா தலை சீவி, சட்டையை மாற்றிக்கொண்டு படலைப் பிடித்தபடி நின்றார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. உங்கள் அம்மா அதைப் பார்த்தாள். அடுப்படிக்கு வந்து என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு அந்த டிராகன் மாமாவின் ஆளைக் கொல்லப் போகிறது, மாமா மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று.

"எந்த டிராகன்?" என்றாள்.

"வெளிய நிக்குதே, அதுதான்."

அவள் கரண்டியைக் கழுவி வைத்தாள். வாசலுக்குப் போய், கடையில் தேங்காய் வாங்கிவரும்படி மாமாவை அனுப்பினாள். அது முடிந்ததும் தேங்காயைத் துருவச் சொன்னாள். அப்புறம் அம்மியைக் கழுவச் சொன்னாள். அன்றைக்கு மாமா வீட்டை விட்டு வேறெங்கும் போகவில்லை.

ஞாயிறு கிராணி மகன் புதுச் சட்டை போட்டு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். இங்கிலீஷில் என்னவோ சொன்னான். பிறகு தமிழுக்கு வந்தான்.

"அக்கா, அது டிராகன்."

"வெள்ளிக்கெழம வரைக்கும் டிராகன்தான் தம்பி" என்றாள் உங்கள் அம்மா. "இப்ப கற்பூரம் காட்டியாச்சு."

"நான் ஒவ்வொரு எலும்பா பெயிண்ட் அடிச்சேன்."

"மஞ்சளும் நல்லாத்தான் இருக்கு."

"என் சாமான் அக்கா. நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"எடுத்துக்குங்க. யாரு வேணாம்னா? ஆனா மறுபடியும் பட்டினி போட்டுடாதீங்க. வாரா வாரம் வெள்ளிக்கெழம சோறு, கருவாடு ஒரு துண்டு, சுருட்டு ஒண்ணு. உங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க, அவங்க வெப்பாங்க."

கிராணி மகன் குனிந்தான். கையை நீட்டினான். குங்குமத்துக்கு அரை விரல் தூரத்தில் கை நின்றது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டன் போய் வந்த கை. செத்தவனை எழுப்புகிறேன், பூதத்தைப் பேசவைக்கிறேன் என்று ஒரு வருஷம் எங்களிடம் ஆட்டிக் காட்டிய கை. அது ஒரு பொட்டைத் தாண்டவில்லை. மாமாக் கடைத் தம்பியை எடுக்கச் சொன்னான். அவன் சிரித்தான். "எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல லா. ஆனா அக்கா சோறு போட்டத நான் கிளப்ப மாட்டேன்."

கிராணி மகன் உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தான். பரவாயில்லை என்றான். தீப்பெட்டியை எடுத்து நடுவில் வைத்தான். இதுதான் டிராகன், இறங்கி வருகிறது, திருடன் தாயக்கட்டையை எடுக்கலாம் என்றான்.

மாமா எடுக்கவில்லை. சட்டைப்பையில் கையை விட்டு அந்தப் பழைய கடலையை எடுத்துத் தீப்பெட்டிக்கு எதிரே வைத்தார்.

"உருவம் இல்லாதது ஆட்டத்துல இல்ல தம்பி. என் கழுதைக்குச் சொன்ன சட்டம் உங்க டிராகனுக்கும்தானே?"

கிராணி மகன் கடலையைப் பார்த்தான். தீப்பெட்டியைப் பார்த்தான். கடலையை ஒத்துக்கொண்டால்தான் தீப்பெட்டி உண்டு, தீப்பெட்டி இல்லையென்றால் டிராகன் இல்லை. கழுதை திரும்பி வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் டிராகன் பறந்து வந்து மாமாவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் கிராணி வீட்டில் சொன்னதைத் திரும்ப வாங்குகிற பழக்கம் இல்லை. புத்தகத்தையும் இருபது முகத் தாயக்கட்டையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு எழுந்துபோனான். வாசலில் செருப்பைப் போடும்போது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கோலாலம்பூர் போய்விட்டான். படிப்பறிவில்லாத எஸ்டேட் ஆட்கள் தன் டிராகனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அங்கே சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. பிடுங்கவில்லை. அது நம் வாசலிலேயேதான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். சுருட்டு மட்டும் அவன் வாங்கவேண்டும்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கதை சொல்ல ஆள் இல்லை. மாமா இரண்டு சாதாரணத் தாயக்கட்டையை மேசையில் வைத்து, நான் சொல்லவா என்று கேட்டார். வில்லனுக்கு அவர் வைத்தது ஒரு கடலை. ஒரு கங்காணி. அவனுக்கு உலகத்தை அழிக்கிற எண்ணமெல்லாம் கிடையாது. எங்களிடம் இருக்கிற கழுதை அவனுக்கு வேண்டும், அவ்வளவுதான். அதற்காக எங்களைப் பற்றிக் கோள் சொன்னான், கிணற்றுக் கயிற்றை அறுத்தான், என் ஆளின் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து வந்தான். சிரித்துக்கொண்டே செய்தான். ஒரு கடலையைப் பார்த்து எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கடைசியில் அவனை மடக்கிப் பிடித்தபோது மாமாக் கடைத் தம்பி எழுந்து நின்று கத்தினான். மாமா அந்தக் கடலையை உடைத்து ஆளுக்கு ஒரு பருப்பாக எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்தார்.

ஆக, பெரியவனே, உன் செத்த டிராகனை மேசையில் வைக்கிறதானால் வை. பெயிண்ட் நன்றாகவே அடித்திருக்கிறாய், உன் சிறகு கோணலாகவும் இல்லை. ஆனால் அதற்கு என்ன வேண்டும் என்று உன் தங்கை கேட்டால் அழிவு என்று மட்டும் சொல்லாதே. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள், சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

வாசலுக்கு வெளியே செங்கல் மேல் எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுப்பாக ஒன்று நிற்கிறதே, பரீட்சைக்குப் போகும்போது தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறீர்களே, அதுதான் இது. துடைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே பார்க்கும்படி ஒன்றுமில்லை. மாமா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அதற்குச் சுருட்டுப் பற்றவைக்கிறார், கருவாட்டுத் துண்டு வைக்கிறார். சாராயம் மட்டும் நம் வீட்டு வாசலில் அதற்குக் கிடையாது.